சான்றிதழும் கேஸ் சிலிண்டரும்: ஓசூர் வட்டாரத்தில் குளிர்சாதனத் தொழில்

தமிழ்நாட்டில் ஏ.சி. மெக்கானிக் ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து, ஐ.டி.ஐ.யில் குளிர்பதன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்குவது முதல் வழி. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, ஏணி பிடித்து, காப்பர் குழாய் சுமந்து, பார்த்துப் பார்த்துக் கற்பது இரண்டாவது. ஓசூர் சிப்காட் தொழில்வளாகம் தொடங்கி சானமாவு, கிருஷ்ணகிரி வரை நீளும் தொழில் வட்டாரத்தில் இரு வழியாரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். படித்தவர் முன்னேறுவாரா, பழகியவர் முன்னேறுவாரா என்ற கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை கிடைத்திருக்கிறது.

இந்தியாவில் குளிர் முதலில் கப்பலில் வந்த சரக்கு. அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். 1842இல் சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் எழுந்தது. 1874இல் சென்னையில் நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் நிறுவனம் வந்ததும், கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியின் வணிகம் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் கொதிகலனும் பம்பும் ஓட்டத் தெரிந்தவர்கள். குளிரைப் பற்றித் தனியாகப் படிக்க அப்போது பள்ளி ஏதும் இல்லை.

அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் 1902இல் ஒரு அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வடிவமைத்த அமைப்பிலிருந்து நவீன குளிர்சாதனம் பிறந்தது. அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து முடித்து, ஏறக்குறைய ஓராண்டே ஆன இளைஞர். ஆக, தொழிலின் மூலவர் படித்தவர்தான். ஆனால் இந்தியாவில் அது வேரூன்றிய விதம் நேர்மாறானது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல், மோகன் டி. அத்வானி பம்பாயில் இரண்டே ஊழியர்களுடன் ப்ளூ ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்தது பழைய ஏ.சி.களையும் குளிர்பெட்டிகளையும் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் வேலை. டாடா குழுமமும் ஸ்விட்சர்லாந்தின் வோல்கார்ட் நிறுவனமும் சேர்ந்து வோல்டாஸை அமைத்தது 1954இல். அதாவது, இந்தியாவில் இந்தத் தொழில் உற்பத்தியில் தொடங்கவில்லை, ரிப்பேரில் தொடங்கியது. பழைய இயந்திரத்தைக் கெஞ்சியும் கொஞ்சியும் ஓடவைக்கத் தெரிந்தவரே நிபுணர் எனப்பட்டார். அந்த மரபின் செல்வாக்கு இன்றும் குறையவில்லை.

பள்ளி வேறொரு தேவையிலிருந்து வந்தது. போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் அமைக்கப்பட்டது. அதன் வழியில் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ.கள் நாடெங்கும் பரவின. பாடத்திட்டத்துக்கும் சான்றிதழுக்கும் பொறுப்பாக இருந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் 1956இல் வந்தது. ஆலைகள் அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 1961இல் வந்தது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகளே இத்திட்டத்தின் முதுகெலும்பு. வீட்டில் ஃபிரிட்ஜ் இருப்பதே அந்தஸ்தாக எண்ணப்பட்ட காலத்தில் குளிர்பதனப் பிரிவைத் தேடிப்போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஓசூர் இந்த வரலாற்றுக்குள் வந்தது 1970களில். 1971இல் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் உருவாகி, கர்நாடக எல்லையோரத்து ஓசூரைத் தன் தொடக்கத் தொழில்வளாகங்களில் ஒன்றாக்கியது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர். மின்விசிறிகூட வேண்டாம் என்று பழையவர்கள் பெருமை பேசும் ஊர். ஆனால் 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ். மொபெட்டும், 1980களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் வந்தபோது குளிர்சாதனமும் கூடவே வந்தது. மனிதருக்கு முன்னால் அது வேண்டியிருந்தது உலோகத்துக்கு. நீளத்தை அளப்பதற்கான உலகத் தர வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்; வெப்பம் ஏறினால் எஃகு நீளும், மைக்ரான் கணக்கு தப்பும். எனவே துல்லிய அளவீட்டு அறைகளில் வெப்பம் ஏறி இறங்கக் கூடாது. கடிகாரத்தின் பாகங்களைக் கோக்கும் இடத்தில் தூசு படியக் கூடாது. இவற்றுக்கெல்லாம் சில்லரும், காற்றை வடிகட்டி அனுப்பும் ஏ.எச்.யு.வும், அவற்றை ஷிப்டு முறையில் கவனிக்கும் ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

இங்கேதான் சான்றிதழுக்கு மதிப்பு பிறந்தது. தெருவில் மெக்கானிக்கின் பெயரைக் கேட்டுக் கூப்பிடுவார்கள். ஆலை வாசலில் காகிதத்தைக் கேட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்து, ஆலையில் அப்ரண்டிஸாகப் பயிற்சி பெற்று, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வாங்கியவருக்கு நிரந்தர வேலையின் கதவு திறந்தது. அந்தத் தலைமுறையில் அப்படி உள்ளே போனவர்களுக்குப் படிப்பு பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் பராமரிப்பு வேலைகள் ஆண்டு ஒப்பந்தக்காரர்களிடம் போனபின் நிலைமை மாறிற்று. ஒப்பந்தத்தில் ஐ.டி.ஐ. ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஆனால் நிரந்தரம், போனஸ், பதவி உயர்வு எல்லாம் அதே சான்றிதழோடு சேர்ந்து வராது. காகிதம் அதேதான், அதற்குக் கிடைக்கும் விலை குறைந்தது.

ஆலைக்கு வெளியே கதை வேறு. ஓசூரின் ரோஜா தோட்டங்கள் பிப்ரவரியில் காதலர் தினத்துக்காகப் பெங்களூரு விமான நிலையம் வழியே பூக்களை ஏற்றுமதி செய்கின்றன. அமுதகொண்டப்பள்ளியில் மாநில அரசின் டிட்கோ நிறுவனத்தின் பங்களிப்புடன் அமைந்த டான்ஃப்ளோரா பூங்கா இந்த வணிகத்தின் பெரிய முகம்; சிறு விவசாயிகளின் பசுமைக்குடில்களும் சுற்றிலும் ஏராளம். பறித்த ரோஜாவைச் சில மணி நேரத்துக்குள் 2 முதல் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். தவறினால் மொட்டு வழியிலேயே விரிந்துவிடும். பால் குளிர்விப்பு மையங்களில் 4 டிகிரி. இந்தக் குளிரறை நள்ளிரவில் நின்றுபோனால், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தோட்டக்காரருக்கு நேரம் இல்லை; யார் முதலில் வருகிறாரோ அவரே மெக்கானிக். சானமாவு, ராயக்கோட்டை பக்கத்துக் கிராமங்களுக்கு இரவில் பைக்கில் போகிறவருக்குக் கூடுதல் தகுதி ஒன்றும் வேண்டும். ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் சானமாவுக் காப்புக்காட்டில் தங்கி, சாலையைக் கடந்து வயலுக்குப் போகும். எந்த நேரத்தில் எந்தச் சாலையைத் தவிர்ப்பது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அனுபவ மெக்கானிக்குகளின் அடித்தளத்தை அசைத்தது கேஸ். பல பத்தாண்டுகளாக ஃபிரிட்ஜில் ஆர்-12, ஏ.சி.யில் ஆர்-22 என்று இரண்டு பெயர் தெரிந்தால் போதுமாக இருந்தது. திரும்பும் குழாயைத் தொட்டுப் பார்த்து, அது வியர்க்கும் அளவை வைத்தே எவ்வளவு கேஸ் ஏறியிருக்கிறது என்று கைதேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனை அரிக்கும் வாயுக்களுக்கு முடிவு கட்டியது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. 2008 ஆகஸ்ட் 1இல் ஆர்-12 வகை வாயுக்களின் உற்பத்தியை, ஆஸ்துமா மருந்துக் குப்பிகள் போன்ற விலக்குகள் தவிர, நிறுத்தியது. இந்த மாற்றத்துக்காக 2004இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், ஏற்கெனவே தொழிலில் இருந்த மெக்கானிக்குகளுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன. ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காத பலர் வகுப்பறையில் உட்கார்ந்தது அப்போதுதான்.

பின்னால் வந்த வாயுக்கள் இன்னும் கறாரானவை. ஆர்-410ஏ, ஆர்-22ஐவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்யும். அதோடு பயன்படும் செயற்கை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் உள்ளே போனால் அமிலம் உருவாகிக் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். எனவே கொஞ்சம் கேஸை விட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளும் பழைய குறுக்குவழி இதற்கு உதவாது. வேக்குவம் பம்ப் போட்டு முழுதாக உறிஞ்சி, எடை மெஷினில் நிறுத்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். ஆர்-32 மெல்ல எரியக்கூடியது. கோத்ரெஜ் 2012இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த ஏ.சி.யின் ஆர்-290 வாயு அசல் புரொப்பேன்; கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் பற்றவைப்பு விளக்கைக் காட்டினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் பழுது பெரும்பாலும் குழாயில் இல்லை, மின்சுற்று அட்டையில் இருக்கிறது. தொடுவுணர்வால் கண்டுபிடிக்க முடியாத பழுது இது. மின்னியலும் அழுத்த-வெப்ப அட்டவணையும் முறையாகக் கற்றவருக்கு இங்கே தெளிவான அனுகூலம் உண்டு.

இருந்தும், அந்த அனுகூலத்துக்குச் சட்டம் துணைநிற்கவில்லை. அமெரிக்காவில் 1994 நவம்பர் முதல் அரசு அங்கீகரித்த தேர்வில் தேறாமல் ஓசோனை அரிக்கும் குளிர்பதன வாயுக்களைக் கையாள முடியாது. ஐரோப்பாவிலும் சான்று கட்டாயம். இந்தியாவில் ஏ.சி. மெக்கானிக்குக்கு அப்படிக் கட்டாய உரிமம் இல்லை; ஸ்பானரும் கேஸ் சிலிண்டரும் இருந்தால் தொழில் தொடங்கலாம். 2019இல் வெளியான இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம் 2022-23க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் தர இலக்கு வைத்தது. அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் திறன்மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கிறது. இரண்டும் விருப்பத்தின் பேரில்தான். அதனால் நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வித்தியாசம் வாடிக்கையாளருக்கு அடுத்த கோடையில்தான் தெரியவருகிறது.

படிப்பின் மதிப்பை அரசே எப்படி எடைபோட்டது என்பதற்கு 2019 அப்ரண்டிஸ் விதிகள் சான்று. அவற்றின்படி அப்போது குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு 7,000 ரூபாய். இரண்டு ஆண்டு உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் அதே 7,000தான். வளைகுடாவுக்குப் போகிறவருக்கும் குடியேற்றச் சோதனையிலிருந்து விலக்குத் தருவது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. வேலையைத் தருவது சான்றிதழைவிட, நிறுவனம் ஆளை நேரில் வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு. ஐ.டி.ஐ.யின் உண்மையான பயன் வேறு இடங்களில் இருக்கிறது: பொதுத்துறை, ரயில்வே வேலைகளுக்கு அது அடிப்படைத் தகுதி; பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேர அது வழி. சொந்தக் கடை வைப்பவருக்கு இவை ஒன்றும் உதவா. மார்ச் முதல் மே வரை சம்பாதித்ததை மழைக்காலத்துக்குச் சேர்த்துவைப்பதும், உதிரிபாகக் கடையில் கடன் கிடைப்பதும்தான் அங்கே வெற்றி.

தமிழக அரசு 2022இல் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்க ஒப்பந்தம் செய்தது. ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் ஆகியவற்றுக்கே அதில் முதலிடம். அதே ஆண்டுகளில் ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும், போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர், மின்கல ஆலைகளும் எழுந்தன. லித்தியம் மின்கலம் செய்யும் அறையில் காற்று பாலைவனத்தைவிட வறண்டிருக்க வேண்டும்; பனிநிலை மைனஸ் 40 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். சாதாரண ஏ.சி.யால் அது ஆகாது, ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் பொருத்திய பெரிய இயந்திரங்கள் வேண்டும். இத்தகைய ஆலைகளில் ஃபில்டர் மாற்றுவது, பம்பையும் பெல்ட்டையும் பார்ப்பது, மணிக்கொருமுறை அளவு குறிப்பது ஐ.டி.ஐ.காரரின் வேலையாகவும், கணினித் திரையில் முழு அமைப்பையும் கட்டுப்படுத்துவது டிப்ளமோ, பட்டம் படித்தவரின் வேலையாகவும் பொதுவாகப் பிரிகிறது. திரைக்கு முன்னால் உட்கார விரும்பும் ஐ.டி.ஐ.காரர் வேலையில் இருந்தபடியே டிப்ளமோவை முடிக்க வேண்டியிருக்கிறது. ஷிப்டு முறை அதற்கு எப்போதும் இடம் தருவதில்லை.