மார்கழிப் பனியும் சோக் போட்ட வண்டியும்

திண்டுக்கல்லுல என்னய்யா குளிருன்னு சென்னை நண்பர்கள் சிரிப்பாங்க. கொடைக்கானல் குளிர் சமவெளியில கிடையாதுதான். ஆனா மார்கழி, தை மாசம் விடியக்காலம் நாலு மணிக்குத் தோட்டத்துல நின்னு பாருங்க. பனி இறங்கி வண்டி சீட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். அந்த மாசங்கள்லதான் மல்லிகை வரத்து குறைஞ்சு விலை உச்சத்துக்குப் போகும். பறிச்ச பூவை நிலக்கோட்டைக்கோ திண்டுக்கல்லுக்கோ நேரத்துல கொண்டுபோய்ச் சேர்க்கணும். வண்டி கிளம்பலைன்னா அன்னைக்குக் காசு போச்சு.

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அந்தப் புல்லட்டில் இருந்தது அமல் கார்புரேட்டர். அதுல ஒரு சின்னப் பொத்தான் உண்டு. குளிர்ல அதை அமுக்கி, பெட்ரோல் லேசா வழிஞ்ச பிறகுதான் கிக்கரை உதைக்கணும். அடுத்து ராஜ்தூத், மைசூர் ஜாவா எல்லாம் வந்தது. இதெல்லாம் வசதியானவங்க வண்டி. சம்சாரி வீட்டு வாசலுக்கு (எங்க பக்கம் சம்சாரின்னா விவசாயி) வந்தது 1980-ல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50. ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதிச்சு ஸ்டார்ட் பண்ற வண்டி. பால் கேன், புல்லுக்கட்டு, பூமூட்டை எல்லாம் அதுல ஏறுச்சு.

புல்லட்டுக்கும் டிவிஎஸ் 50-க்கும் கார்புரேட்டர் தத்துவம் ஒண்ணுதான். 1893-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக் ஜெட் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரைச் செய்தார். குறுகலான குழாய்ல காத்து வேகமாப் போகும்போது அங்க அழுத்தம் குறையும், பெட்ரோல் ஜெட் வழியா மேல வரும். குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. குழாய்ச் சுவத்துலயே சொட்டா ஒட்டிக்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோக்.

எங்க ஊர்க்காரங்க அனுபவத்துல ஒரு வரிசை வச்சிருந்தாங்க. முதல்ல சோக் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாம நாலு உதை. வரலையா, பிளக்கைக் கழட்டிப் பாரு. நனைஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். துடைச்சு மாட்டி, சோக்கை எடுத்துட்டு, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகி உதை. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரல. ஜெட் அடைச்சிருக்கும், இல்லைன்னா கார்புரேட்டர் கிண்ணத்துல தண்ணி நிக்கும். கரி படிஞ்சிருந்தா ஆயில் கலந்தது ஜாஸ்தி. ஒரு பிளக்கு, மூணு சேதி.

இந்த வைத்தியம் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினா செல்லாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க காத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. காத்து குறைஞ்சாலும் ஜெட் ஓட்டை அதே அளவுதானே? பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை வரும். குளிருதேன்னு சோக்கைப் போட்டே ஓட்டினா வண்டி மூச்சுத் திணறி நிக்கும். ஒரே மாவட்டம், ரெண்டு வைத்தியம்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தது. எக்செல் 100 உட்பட புது வண்டிகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. குளிரை சென்சாரே பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கும். எனக்கு இதுல வருத்தமே இல்லை. விடியக்காலையில பூ எடுத்துட்டுப் போற பொம்பளைங்க இன்னைக்கு ஒரு பட்டனை அமுக்கிட்டுக் கிளம்புறாங்க. முன்ன உதைச்சு உதைச்சுக் கால் வீங்கினவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

ஆனா கார்புரேட்டர் வண்டி இன்னும் ஊருக்குள்ள நிறைய ஓடுது. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கா நிக்கிற வண்டியில பனிக்காலத் தொந்தரவு அதனால கூடும். நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிட்டு, வண்டி தானா அணையுற வரை ஓடவிட்டா கிண்ணம் காலியாகும்.

வேப்பமரத்தடி மெக்கானிக்குகள் எழுதி வைக்காத பாடம் இதெல்லாம். கேட்டு வாங்க ஆளில்லைன்னா அவங்களோடவே போயிடும். அதான் இங்க எழுதி வைக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்து தாத்தாவோட பழைய வண்டியை எடுக்கிறவங்க, திட்டுறதுக்கு முன்னாடி பிளக்கை ஒருதரம் கழட்டிப் பாருங்க.