ரோஜாவுக்கு வைட்டமின் கொடுத்த கதை



நேற்று என் பேத்தி சத்து மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ரோஜாச் செடிக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள். "செல்போன்ல பார்த்தேன் ஆயா, பூ பெருசா பூக்குமாம்" என்றாள். முப்பது வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தை இன்று திருத்திவிடுகிறேன்.

வைட்டமின் பி1 கதையில் நம் சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. நன்றாகத் தீட்டிய அரிசியையே உண்டவர்களுக்குக் கால் மரத்துப்போகும், இதயம் பலவீனமாகும். அந்த நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் இதை ஆராயத் தொடங்கினார். 1936இல் பி1ஐ ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர்தான், ஆனால் 1886இல் அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பானர் என்ற விஞ்ஞானி, பட்டாணிச் செடியின் வேரை மட்டும் வெட்டியெடுத்து வளர்த்து, அதற்கு பி1 தேவை என்று கண்டார். செய்தி பரவியது. 1939இல் ஓர் அமெரிக்கத் தோட்டப் பத்திரிகை, பி1 கொடுத்தால் ஐந்து அங்குல ரோஜா மொட்டு வரும் என்று எழுதியது. மக்கள் வாங்கிக் குவித்தார்கள். பிறகு பல இடங்களில் முழுச் செடிக்குக் கொடுத்துச் சோதித்தபோது பலன் இல்லை.

காரணம் எளிது. செடி தனக்கு வேண்டிய பி1ஐ இலையிலேயே தயாரித்து வேருக்கு அனுப்பிவிடும். வெட்டிய வேருக்கு இலை கிடையாது, அதனால்தான் வெளியிலிருந்து தேவைப்பட்டது.

இனி நான் செய்த தப்பு. ஒரு மாணவி வீட்டிலிருந்து ரோஜாத் தொட்டி கொண்டுவந்தாள். நான் சொன்னபடி மாத்திரைத் தண்ணீர் தெளித்தாள். சில வாரத்தில் இலை துவண்டது. "தண்ணி ஊத்தாம சாகடிச்சிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அழுதுகொண்டே இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினாள். செடி செத்தது. தொட்டியைக் கவிழ்த்தேன். அடி ஓட்டை அடைத்திருந்தது. வேர் கறுத்து அழுகி நாறியது.

மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே தண்ணீர் மிகுந்தாலும் இலை துவளும், குறைந்தாலும் துவளும். ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். நம் போளூர் சித்திரை வெயிலில் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் தேவைப்படலாம், ஐப்பசி மழையில் தேவையே இருக்காது. மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசியில் கவாத்து செய்யுமுன் தண்ணீரை நிறுத்துவதும் கணக்கோடுதான்.

வேர் அழுகியதை அன்றே பார்த்தும், அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. டீச்சர் என்ற கௌரவம் தடுத்தது. இதைப் படித்தால், அம்மா, நீ தண்ணீர் ஊற்றத் தவறவே இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர், போளூர்.