காற்றைக் கல்லாக்கும் முயற்சி

வெளியேறிய புகையை மீண்டும் பிடித்து அடைக்க முடியுமா என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. பிரீமன் டைசன் என்னும் இயற்பியல் அறிஞர் 1977ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி எழுதினார். விரைந்து வளரும் மரங்களை உலகெங்கும் பெருமளவில் நட்டால், காற்றில் கூடிவரும் கரியமில வாயுவை ஓரளவு தடுத்து நிறுத்தலாம் என்றார். நிலக்கரியையும் எண்ணெயையும் உலகம் கைவிடும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடாகவே அவர் இதைக் கருதினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1999இல் கிளாஸ் லாக்னர், காற்றிலிருந்து நேரே இவ்வாயுவை உறிஞ்சும் இயந்திரங்களைப் பற்றிப் பேசினார். புகைபோக்கியில் பிடிப்பது எளிது. திறந்த காற்றிலோ பத்தாயிரம் பங்கில் இது நான்கு பங்குதான்.

பிடித்ததை எங்கே வைப்பது? விடை ஐஸ்லாந்தில் கிடைத்தது. அங்குள்ள ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்தருகே, 2012இல் சுமார் 175 டன் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறைக்குள் செலுத்தினர். அது கல்லாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதே பலரின் எண்ணம். ஆனால் கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த பம்பு ஒருநாள் நின்றுபோயிற்று. மேலே தூக்கிப் பார்த்தால், அதன்மேல் சுண்ணப் படிகம் அப்பிக் கிடந்தது! இரண்டே ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கல்லாகிவிட்டதென 2016இல் அறிவித்தனர். மரம் எரியலாம், வெட்டப்படலாம். கல்லுக்கு அந்த அச்சமில்லை. ஆயினும் ஒரு டன் வாயுவைக் கரைக்கச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும்.

அதே இடத்தில் 2021இல் ஓர்கா என்னும் உறிஞ்சு நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4,000 டன் பிடிக்கும் என்றனர். அந்த அளவை அது எட்டவில்லை. எட்டியிருந்தாலும்தான் என்ன? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன். ஓர்காவின் ஓராண்டு உழைப்பு, அதில் மூன்றரை விநாடிக்குக்கூட ஈடாகாது. 2024இல் தொடங்கிய மாமத் நிலையம் 36,000 டன்னுக்கென அமைக்கப்பட்டது. அது அரை நிமிடக் கணக்கு.

இயந்திரத்தின்மேல் நாம் குறை காணவில்லை. குறை கணக்கு எழுதுவோரிடம் உள்ளது. புவிவெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்த வேண்டுமாயின், இந்த நூற்றாண்டுக்குள் 10,000 கோடி முதல் ஒரு லட்சம் கோடி டன் வரை காற்றிலிருந்து அகற்ற வேண்டியிருக்கும் என்று, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2018இல் கணித்தது. இன்னும் கைக்கு வராத இந்த வரவை நம்பி, இன்றே புகையைச் செலவு எழுதும் அரசுகளையும் நிறுவனங்களையும் காண்கிறோம். தவணை கட்டப்போகிறவர்களோ இன்னும் பிறக்காதவர்கள். அவர்களிடம் எவரும் கையொப்பம் கேட்கவில்லை.

இவ்வகையில் ஒரு டன்னை அகற்றப் பல நூறு டாலர் ஆகிறது. அந்த விலை கொடுத்து இதுவரை வாங்கியோர் பெரும்பாலும் செல்வம் மிக்க சில நிறுவனங்களே. நூறு கோடி டன்னுக்கு யார் கொடுப்பார் என்று எந்த அரசும் இன்னும் சொல்லவில்லை.