மடையைப் பார்த்துவிட்டுப் போங்கள்

திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் பார்க்க யாரும் வருவதில்லை. பிரியாணிக்கு வருவார்கள், பூட்டு வாங்க வருவார்கள், மலைக்கோட்டை ஏறுவார்கள். மிச்சம் பேர் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டிக்குக் காத்திருப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது, வருஷம் பூராவும் ஓடுகிற ஆறும் கிடையாது. தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பேர்போன ஊர். இந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று என் அம்மா சொல்வார். அவரே அப்படி யோசித்து யோசித்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்தான்.

நான் வேடசந்தூர்ப் பக்கம் தபால்காரனாக இருந்தவன். ரோட்டோடு போனால் சுற்று, குளத்துக்கரை மேலே போனால் குறுக்கு. பையை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கரை கரையாக நடந்ததில் ஒன்று புரிந்தது. இந்தச் சமவெளியில் தானாக உண்டான ஏரி என்று ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. எல்லாமே யாரோ வெட்டியது, யாரோ மண் சுமந்து கரை போட்டது. மேலே படகு விடுகிற கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது அது. தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தாராம். துரைமார் தங்கள் குளிர்நாட்டை நினைத்துக்கொண்டு உலாவ வந்த நீர் அது. கீழே எங்கள் நீரெல்லாம் வேலை செய்கிற நீர். அழகு அதற்குக் கூலியாகக் கிடைத்தது என்பது என் கட்சி.

நகரத்திலிருந்தே தொடங்கலாம். மலைக்கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் என்பது எல்லாருக்கும் தெரியும். பீரங்கி மேடையையும் சிறையையும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், பாறை மேல் மழைத்தண்ணீரைத் தேக்கும் சுனைகளைக் கவனிப்பதில்லை. முற்றுகையில் கோட்டையைக் காப்பது குண்டு மட்டுமா? குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் எந்தப் படையும் மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிடும். அடிவாரத்தில் கோட்டைக்குளம் இருக்கிறது. இன்று விநாயகர் சதுர்த்திச் சிலைகள் கரைகிற இடம் அது. சாயங்காலம் மேற்கு வெயில் பாறையில் விழும்போது குளத்தில் அந்தப் பாறை முழுசாகக் கிடக்கும். தண்ணீர் இருக்கிற வருஷம், அதுவும் சிலைகள் கரைவதற்கு முன்னால்.

கோபாலசமுத்திரக் குளத்துக்கு வேறு மாதிரியான பழைய கதை. ஹைதர் அலி, திப்பு கையில் இருந்த திண்டுக்கல்லை 1790-ல் கும்பெனிப் படை பிடித்தது. 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் அது சட்டப்படியும் கும்பெனிக்குப் போனது. பாளையக்காரர்கள் அடங்கவில்லை. சிவகங்கை ராணி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் திண்டுக்கல் கூட்டணியைத் திரட்டினார், 1801-ல் பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்டது இந்தக் குளத்தருகேதான், அவர் பெயர்தான் குளத்துக்கு என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று கரையில் 108 விநாயகர் கோயில். கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நாயக்கர் ஞாபகம் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஊரைத் தாண்டினால்தான் உண்மையான குளங்கள். வடக்கே குளம் என்போம், நிலக்கோட்டைப் பக்கம் கண்மாய் என்பார்கள். அமைப்பு ஒன்றுதான்: பிறை மாதிரி வளைந்த மண் கரை, வயலுக்குத் தண்ணீர் விடும் மடை, மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேற மறுகால். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேலூரான் மறுகால் பாயாதவரை கீழூரான் காத்திருப்பான். இரண்டு ஊருக்கும் பகையும் பெண்கொடையும் அந்த வழியாகவே வந்தன. கோடையில் குளம் வற்றினால் ஊரே இறங்கித் தூர் எடுக்கும், வண்டலை வண்டியில் வயலுக்கு ஓட்டும். இதுதான் குடிமராமத்து. அது தேய்ந்துபோவதைக் கண்ட ஆங்கில அரசு 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டது. வரியைத் தன் கையில் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் சட்டத்தால் வாங்கப் பார்த்தால் யார் மண்வெட்டி எடுப்பார்கள்? 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது, பழக்கம் வந்ததா என்பது வேறு கேள்வி.

ஒன்று மட்டும் சாகவில்லை. அது மீன்பிடித் திருவிழா. நத்தம், சாணார்பட்டி வட்டாரத்தில் இன்றைக்கும் உண்டு. அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். விடியுமுன்னே சுற்றுப்பட்டிச் சனம் ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாகக் கரையில் நிற்கும். சாமி கும்பிட்டுவிட்டுப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசின நொடியில் அத்தனை பேரும் உள்ளே. ஒரு மணி நேரத்தில் குளம் சேறாகிவிடும். கட்லா, ரோகு, ஜிலேபி, அதிர்ஷ்டக்காரனுக்கு விரால். விற்கக் கூடாது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அன்றைக்கு நான் தபால் கொண்டுபோனால் கையெழுத்துப் போட எவன் கையும் காய்ந்திருக்காது. மணியார்டர் படிவத்தில் மீன் செதில் ஒட்டி வந்ததும் உண்டு.

இனி குடகனாறு. கீழ்ப் பழனிமலைச் சரிவில் இறங்கும் ஓடைகள் சேர்ந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வழியாக வடக்கே போய்க் கரூர் மாவட்டத்தில் அமராவதியில் விழுகிற ஆறு. ஆத்தூர் அணை இருபத்து மூன்றரை அடி. திண்டுக்கல் குழாய்களுக்குத் தண்ணீர் தருகிற பழைய ஆதாரம். சமவெளியில் அழகான நீர்க்கரை எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். மூன்று பக்கமும் மலை, கீழே நெல்லும் தென்னையும். அணைக்குக் கீழேயே சண்டையும் தொடங்குகிறது. ராஜவாய்க்காலில் எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு என்று மேற்பகுதி விவசாயிக்கும் வேடசந்தூர் விவசாயிக்கும் இன்னமும் தீராத வழக்கு.

அதே ஆற்றில் வேடசந்தூர் தாண்டி அழகாபுரியில் இன்னோர் அணை. 1977-ல் கட்டி முடித்தார்கள். அதே வருஷம் உடைந்தது. ஆற்றுப் படுகையிலிருந்து பதினொன்றரை மீட்டர் உயர மண் அணை, கொள்ளளவு 1.23 கோடி கன மீட்டர். வெள்ளம் வந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, ஷட்டர்கள் பாதியில் நின்றன. ஜெனரேட்டர் ஓட்டியும் போதவில்லை. கையால் சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். தண்ணீர் கரை மேலேறிப் பின்சரிவில் அருவியாகக் கொட்டி மண்ணை அரித்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை நீளமான உடைப்புகள் விழுந்தன. பிற்பாடு திருப்பிக் கட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கீழ்க்கரை ஊர்க் கிழவிகள் ‘அணை ஒடைஞ்ச வருஷம்’ என்று வைத்துத்தான் பிள்ளைகளின் வயசைச் சொன்னார்கள். பழைய ஊர்க்குளங்களில் மறுகாலுக்கு மின்சாரம் தேவைப்பட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அதற்காக அவை உடையாதவை என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளம் கெடுத்ததைவிடத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு கெடுத்தது அதிகம். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

வர நினைப்பவர்கள் ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் வாருங்கள். பங்குனிக்குப் பிறகு வந்து எங்களைக் குறை சொல்லாதீர்கள். காலையில் ஆத்தூர், மாலையில் அழகாபுரி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஆற்றின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். மறுகால் பாயும்போது அதில் இறங்கிப் போட்டோ எடுக்க வேண்டாம், பாசி வழுக்கும். கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் இலையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்துப் போங்கள். தண்ணீரைப் பார்த்த பிறகு நாலு எட்டு நடந்து மடையையும் பாருங்கள். அடைத்துக் கிடந்தால் ஊர்க்காரர் யாரிடமாவது ஏன் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.