ஆறு வருடம், ஆறு மாதம், வாழ்நாள் முழுக்க

போன டிசம்பரில் மாமாவும் அத்தையும் நெதர்லாந்திலிருந்து வந்திருந்தார்கள். மாமா பொன்னேரிப் பக்கம் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கி, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அத்தை அந்த ஊர்க்காரர். மிச்சக் காலத்தை இங்கேயே கழிப்பது என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். வீட்டில் நான் ஒருத்தன்தான் சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் விண்ணப்பம், ஸ்கேன், அப்லோடு எல்லாம் என் தலையில் விழுந்தது.

மாமாவின் ஃபைலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: பழைய இந்திய பாஸ்போர்ட், அதைத் துறந்ததற்கான சான்றிதழ், பிறப்புச் சான்று. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிடைப்பது ஓசிஐ அட்டை. வாழ்நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலமும் தங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

அத்தைக்கு வேறு வழி. அவர் இந்தியப் பரம்பரையில் வந்தவர் அல்ல. ஓசிஐ வைத்திருப்பவரின் மனைவி என்ற முறையில்தான் அவருக்கு அட்டை. திருமணம் பதிவாகி, குறைந்தது இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும். இவர்களுடையது இருபத்தெட்டு வருடம். பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தேன். அத்தை சட்டத்தின் மூலத்தையே படிக்கிற ஆள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவை எடுத்தார். எந்தெந்தக் காரணத்துக்காக அட்டையை ரத்து செய்யலாம் என்று சொல்லும் பிரிவு அது. துணைவர் என்ற முறையில் அட்டை பெற்றவரின் திருமணம் நீதிமன்றத்தால் “அல்லது வேறு விதமாக” முறிந்தால் ரத்து செய்யலாம் என்கிறது.

“வேறு விதமாகன்னா?” என்றார் அத்தை, தன் மெதுவான தமிழில். “இவர் முதல்ல போயிட்டா?”

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அந்த வரியில் மரணம் என்ற சொல் இல்லை. ‘வேறு விதமாக’ என்பது மட்டும் இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. பேச்சை மாற்ற வேண்டுமென்று பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

*

சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மீனவக் குப்பங்கள். அவற்றில் ஒன்று கோட்டைக்குப்பம். இன்று போனால் கோட்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, புதரும் மேடும்தான். ஆனால் ஊர்ப்பெயர் அதை மறக்கவில்லை. 1610இல் விஜயநகர அரசர் வெங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே வணிகத்தைத் தொடங்கினார்கள். 1613இல் கோட்டை எழும்பியது. அதற்குத் தலைமை தாங்கிய வெம்மர் வான் பெர்ஹெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போகும், அதைக் கொடுத்து கிழக்கிந்தியத் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்குவார்கள். துணி மட்டுமல்ல, பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மக்களை அடிமைகளாக வாங்கி பட்டேவியாவுக்குக் கப்பலேற்றிய துறைமுகமும் இதுவே. அவர்களிடம் எங்கே தங்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் விஓசி. நம் ஊரில் விஓசி என்றால் கப்பலோட்டிய வ.உ.சி.தான். இது 1602இல் தொடங்கிய வேறு கப்பல் கம்பெனி.

இந்த விஓசி காகிதத்தில் வாழ்ந்த நிறுவனம். மாலுமிக்கு மூன்று வருட ஒப்பந்தம், சிப்பாய்க்கு ஐந்து வருடம். ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் தனிக் கணக்கு. ஊரில் இருக்கும் மனைவியோ பெற்றோரோ வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை வாங்கிக்கொள்ள ஒரு கடிதம். 18ஆம் நூற்றாண்டின் சம்பளப் பேரேடுகளை டச்சு ஆவணக் காப்பகம் டேட்டாபேஸாகவே ஏற்றியிருக்கிறது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். பெயர், ஊர், பதவி, கப்பல் என்று போகும் பத்திகளில் என்னை நிறுத்தியது பணி முடிந்த காரணத்துக்கான பத்தி. ‘ஊர் திரும்பினார்’, ‘இறந்தார்’, ‘காணவில்லை’ என்று வரும். கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் அந்தக் கம்பெனிக் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தார்கள். பெரும்பகுதி திரும்பவே இல்லை.

திரும்ப முடியாமல் செத்தவர்கள் ஒரு பக்கம், திரும்ப விரும்பாதவர்கள் இன்னொரு பக்கம். ஒப்பந்தம் முடிந்தவுடன் சும்மா தங்கிவிட முடியாது. புது ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும், அல்லது ‘சுதந்திரக் குடியாளர்’ ஆக அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் கிடையாது, சிறு தொழில் செய்து பிழைத்துக்கொள்ளலாம், கம்பெனியின் ஏகபோகச் சரக்குகளைத் தொடக்கூடாது. இன்றைய மொழியில் சொன்னால் ஓய்வுக்குப் பிந்தைய வதிவிட அனுமதி.

பலர் தங்கியதற்குக் காரணம் குடும்பம். கம்பெனி ஊழியர் கல்யாணம் செய்யவே கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். பெண் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அப்படி முறைப்படி கட்டிய மனைவியாக இருந்தாலும், ஆசியப் பெண் என்றால் நெதர்லாந்துக்குக் கூட்டிப்போக 17ஆம் நூற்றாண்டில் தடை வந்தது. அவளும் பிள்ளைகளும் இருக்கும்வரை கணவனும் போகக்கூடாது. ஆசியாவிலேயே வேர்விட்ட டச்சு மக்கள்தொகை கம்பெனிக்குத் தேவைப்பட்டது. அதற்கு ஆணியடித்து வைத்தது மனைவியின் பிறப்பு.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அத்தை ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பழைய டச்சை வாய்விட்டுப் படித்தார். பதவி, ஊர், பிறந்த தேதி, வயது. பெரிய கற்கள் பெரிய அதிகாரிகளுக்கு. அனுமதிக் கடிதத்தோடு தங்கிய தச்சனும் சிப்பாயும் அவன் மனைவியும் எங்கே என்று கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

*

1781 முதல் பழவேற்காடு ஆங்கிலேயரிடம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. 1818இல் கடைசி முறையாக டச்சுக்காரர்களிடம் வந்தது. 1824 மார்ச் 17 அன்று லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலாக்காவும் இந்தியாவிலிருந்த டச்சு இடங்களும் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர்களுக்கு. 1825 மார்ச் 1 அன்று இடங்களை ஒப்படைக்க வேண்டும்.

அதன் 14ஆவது பிரிவை நான் முதல்முறை படித்தபோது ஆச்சரியப்பட்டேன். கைமாறும் இடங்களில் வசிக்கும் எல்லோருக்கும், ஒப்பந்தம் உறுதியான நாளிலிருந்து ஆறு வருட அவகாசம். சொத்தை விருப்பப்படி விற்கலாம், எந்த நாட்டுக்கும் தடையில்லாமல் போகலாம். அதாவது 1830 வரை யோசிக்கலாம். ‘எல்லோரும்’ என்றுதான் இருக்கிறது, டச்சுக்காரர்கள் என்று இல்லை. காகிதத்தின்படி கோட்டைக்குப்பத்து மீனவருக்கும் அதே உரிமை. ஆனால் அவர் எதை விற்பார்? ஏரியையா?

இதோடு ஒப்பிட இன்னொரு ஒப்பந்தம் உண்டு. பாண்டிச்சேரி எல்லையை ஒட்டி ஒரு கோட்டக்குப்பம் இருக்கிறது. கூகுள் மேப்பில் ஓர் எழுத்து மாறினால் அங்கே போய்ச் சேருவீர்கள். அந்த எல்லைக்கு அந்தப்பக்கம், 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்க விரும்புகிறவர்களுக்குக் கொடுத்த அவகாசம் ஆறு மாதம். எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மற்றவர்கள் இந்தியர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா முடிவெடுப்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பிய தாத்தாக்களின் வீடுகளில் அந்த ஆறு மாதத்தில் போட்ட, போடாமல் விட்ட கையெழுத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

*

கல்லறையிலிருந்து கோட்டைக்குப்பத்துக்கு நடந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அத்தையைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றார்.

“ஹாலந்து. ஆனா இங்கயேதான் இருக்கப் போறோம்” என்றார் அத்தை.

“ஓ, கோட்டைக்காரங்களா!” என்று சிரித்தவர் உட்காரச் சொன்னார். பேச்சு பாட்டுக்குப் போகவில்லை, பாடுக்குப் போனது. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று ஊர்களும் இதில் முக்கியமானவை. எந்த இடத்தில் யார், எந்த நாளில் என்பதைத் தங்களுக்குள் குலுக்கிப்போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு பட்டியல் உண்டு.

“பட்டியல்ல சேர என்ன வேணும்?” என்றேன், விண்ணப்பம் நிரப்பி நிரப்பிப் பழகிய புத்தியில்.

“இந்த ஊர்ல பொறந்திருக்கணும். கல்யாணம் ஆகியிருக்கணும். அப்பத்தான் தலைக்கட்டு.”

“பெண்களுக்கு?” என்றார் அத்தை.

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுத்தார். “பொம்பளைங்களுக்கு ஏதும்மா. வீட்டுக்காரர் பேர்லதான்.”

“எனக்கும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார் அத்தை.

பெரியவர் சிரித்தார். மாமா இந்த முறை சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி, பேரரசுகள், குடியரசு, குப்பம். நான்கும் வேறு வேறு அதிகாரங்கள், வேறு வேறு நியாயங்கள். குப்பத்துப் பட்டியல் ஏரியைக் காப்பாற்ற உருவானது, கம்பெனிப் பேரேடு லாபத்துக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் எங்கே யார் தங்கலாம் என்று எழுதும்போது, கம்பெனியும் குப்பமும் ஆணின் பெயரிலேயே கணக்கைத் தொடங்கின. நம் சட்டம் கணவன், மனைவி என்று பிரித்துச் சொல்வதில்லை, துணைவர் என்றே சொல்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தக் கிளையில் நிற்பவர் அத்தை. மாமாவின் உரிமை அவர் பிறப்பிலிருந்து வருகிறது. அத்தையின் உரிமை மாமாவிலிருந்து வருகிறது. டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மூலப் பதிவு அழிந்தால் அதைச் சார்ந்த பதிவுக்கு என்ன ஆகும் என்பதை டேபிளை வடிவமைக்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். ‘வேறு விதமாக’ என்று விட்டுவைக்கக்கூடாது.

நெதர்லாந்து ஓய்வூதிய அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை இருவரிடமும் தனித்தனியாக உயிர்ச் சான்று கேட்கும். நம் ஊரில் நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் கொடுப்பது போலத்தான். “அவங்க கணக்குல நான் தனி ஆள்” என்றார் அத்தை.

அன்றிரவு இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்பினோம். பிரிண்ட் எடுத்த 7டி பக்கத்தை அத்தை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அந்த மூன்று சொற்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்று டச்சில் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை வக்கீலுக்கு ஃபோன் செய்தது மாமா.