தோளில் விழும் அடி: பெருங்குழல் வேட்டைத் துப்பாக்கிகளின் வரலாறு

அரபு மொழியில் துப்பாக்கிக்கு 'புந்துக்கிய்யா' என்று பெயர். இதன் வேர்ச்சொல்லான 'புந்துக்' முதலில் ஒருவகைக் கொட்டையைக் குறித்தது. பின்னர், அக்கொட்டையின் வடிவில் களிமண்ணால் உருட்டி வில்லில் வைத்து எறியப்பட்ட சிறு உருண்டைக்கும் அப்பெயர் வந்தது. வெடிமருந்தின் காலம் பிறந்ததும் ஈயக் குண்டை எறியும் கருவிக்கு அதே சொல் ஏறிற்று. உருது மொழியின் 'பந்தூக்' இதன் வழிவந்ததே.

களிமண் உருண்டையால் வீழ்த்தப்பட்ட பறவையை உண்ணலாமா என்னும் வினா ஃபிக்ஹு நூல்களில் மிகப் பழமையானது. அது 'மவ்கூதா', அதாவது அடிபட்டுச் செத்தது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வேட்டை பற்றிய அத்தியாயத்தில் எடுத்துக்காட்டியுள்ளார்கள். கூர்மையால் துளைத்துக் கொல்வது வேறு. பாரத்தால் மோதிக் கொல்வது வேறு. ஈயக் குண்டு வழக்கத்திற்கு வந்தபோது இதே வினா மீண்டும் எழுந்தது. குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது என்பதால் இமாம் ஷவ்கானி (ரஹ்) அவர்கள் அதனை ஆகுமாக்கினார்கள். அது எரித்தும் பாரத்தால் தாக்கியுமே கொல்கிறது என்று கருதிய ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மறுத்தார்கள்.

அடியா, துளையா? இவ்வினாவைச் சட்ட நூல் எதையும் அறியாத வேட்டைக்காரர்களும் வேறொரு கோணத்திலிருந்து எதிர்கொண்டனர் என்பதே நாம் ஈண்டு கூற வந்த செய்தி. அவர்களுடைய துப்பாக்கியின் அடி விலங்கின் மீது மட்டும் விழவில்லை. சுட்டவனின் தோளிலும் விழுந்தது. வியப்பு யாதெனில், அந்த அடியை அவர்களில் பலர் விரும்பினர்.

நான்கு போர், இரண்டு போர்

கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தைப் பெரிதும் கூட்ட இயலாது. எனவே யானையையும் காண்டாமிருகத்தையும் வீழ்த்த எண்ணியோர் குண்டின் எடையைக் கூட்டினர். ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாமோ அந்த எண்ணே ஆங்கிலேயர் வழக்கில் 'போர்' எனப்பட்டது. எண் சிறுத்தால் குழல் பெருக்கும். 4 போர் என்றால் கால் பவுண்டுக் குண்டு, ஏறத்தாழ 113 கிராம். 2 போர் என்றால் அரைப் பவுண்டு.

குண்டு முன்னே பாயும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது இயற்கையின் விதி. அதைத் தணிக்க வழி ஒன்றே: துப்பாக்கியின் எடையைக் கூட்டுதல். சாமுவேல் பேக்கர் இலங்கைக்குக் கொண்டுசென்ற, பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் செய்த 4 போர் ரைஃபிளின் எடை 21 பவுண்டு. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. உதை தாங்கத்தக்கதாக வேண்டுமெனில் சுமை தாங்கத்தகாததாகும். சுமை குறைந்தால் உதை மிகும். இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டதே பெருங்குழல் துப்பாக்கியின் வரலாறு முழுவதும்.

பீரங்கியின் பிள்ளை

பேக்கர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1861இல் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சூடானுக்குள் புகுந்தார். அப்போது அவரிடம் இலண்டன் ஹாலண்டு நிறுவனம் செய்த துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் எடை 20 பவுண்டு. அரைப் பவுண்டு வெடிகுண்டை எறியக்கூடியது. அரபுகள் அதற்கு இட்ட பெயரைப் பேக்கர் தம் காதில் விழுந்தவாறு எழுதிவைத்துள்ளார். 'ஜனா அல்-மித்ஃபஅ' என்பதே அது என்று நாம் கொள்ளலாம். 'மித்ஃபஅ' என்பது பீரங்கி. 'ஜனா' என்பது இலக்கிய அரபியில் கொய்யப்படும் கனி. 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தில் சுவனத்தின் கனிகளைக் குறித்து வருவதும் இச்சொல்லே. சூடான் மக்களின் பேச்சு வழக்கில் அது பிள்ளையைக் குறிக்கும். பீரங்கியின் பிள்ளை! பெயர் நீண்டுவிட்டதெனக் கருதிய பேக்கர் 'பேபி' என்று சுருக்கிக்கொண்டார்.

இத்துப்பாக்கியைத் தாம் அஞ்சியதாகப் பேக்கர் மறைக்காமல் எழுதினார். பல்லாண்டுகள் கடும் உதைக்குப் பழகிய அவரையே அது சுழற்றிவிட்டது. பல ஆண்டுகளில் அவர் அதனைச் சுட்டது ஏறத்தாழ இருபது முறையே. மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக் கிடந்த குழலைத் துப்புரவு செய்ய வேண்டிவந்தால் பணியாளரிடம் கொடுத்துச் சுடச் செய்வார். சுட்டவனும் அவனை முட்டுக்கொடுத்துத் தாங்கியவனும் ஒருசேர மல்லாந்து விழுவர். ஆயினும் இவற்றை எழுதும்போது அவருடைய நடையில் ஒரு தந்தையின் பெருமிதம் தொனிப்பதை வாசகர் எளிதில் உணரலாம். சுட்ட ஒவ்வொரு முறையும் அது தவறாமல் வீழ்த்தியது என்பதையும் அவர் சொல்ல மறக்கவில்லை.

பெருமிதத்திற்குக் கொடுத்த விலை

எல்லாருக்கும் இக்கதை நகைச்சுவையாக முடியவில்லை. ஃபிரெடெரிக் செலூஸ் தம் இருபதாம் அகவையை ஒட்டித் தென்னாப்பிரிக்கா சென்றவர். பர்மிங்காமின் ஹாலிஸ் செய்த, மலிவான 4 போர் வாத்துத் துப்பாக்கிகள் இரண்டைக் கொண்டு 1872 முதல் 1874 வரை 78 யானைகளைக் கொன்றார். அவற்றின் எடை பன்னிரண்டரைப் பவுண்டு மட்டுமே. பேக்கரின் கிப்ஸ் ரைஃபிளைவிட எட்டரைப் பவுண்டு குறைவு. மருந்தையோ தோற்பையிலிருந்து கைப்பிடியளவு அள்ளிப் போட்டார். குறைந்த எடையும் மிகுந்த மருந்தும் சேர்ந்தால் தோளின் கதி என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை துப்பாக்கி வெடிக்காது போக, அதை அறியாமல் அதன்மேல் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றப்பட்டன. சுட்டபோது செலூஸ் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு மணலில் முகங்குப்புற விழுந்தார், துப்பாக்கி தோளைத் தாண்டிப் பறந்தது, கட்டை உடைந்தது. 1881இல் வெளியான தம் நூலில், இத்துப்பாக்கிகளுடன் தமக்குத் தொடர்பே ஏற்படாமல் இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். அவற்றின் உதை தம் நரம்புகளைக் கெடுத்து, பின்னாளில் வேறு துப்பாக்கிகளால் சுடும் திறனையும் குறைத்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம். அடியை எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் முன்னரே தன்னையறியாமல் துணுக்குறும், குழல் அசையும், குண்டு தவறும். உடல் ஒருமுறை கற்ற அச்சத்தை எளிதில் மறப்பதில்லை.

அப்படியாயின் ஏன் விரும்பினர்? நமக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று. முதலாவது, நம்பிக்கை. பாய்ந்துவரும் யானையின் முன் நிற்பவனுக்குக் கையிலுள்ள பாரமே ஆறுதல். அந்நேரப் பரபரப்பில் உதையின் வலி தெரிவதுமில்லை. இரண்டாவது, பிறரால் இயலாததைத் தான் தாங்குகிறோம் என்னும் செருக்கு. மூன்றாவதே நுட்பமானது. தான் செலுத்திய வலிமையின் ஒரு பங்கைத் தன் தோளில் வாங்கிக்கொள்பவன், விலை கொடுத்துவிட்டதாக எண்ணுகிறான். வலியே அவனுக்கு உரிமைச் சீட்டாகிறது.

இந்த மூன்றாம் எண்ணம் ஆராயத்தக்கது. தோளில் ஏற்பட்ட கன்றல் சில நாட்களில் ஆறும். யானையின் உயிர் மீளாது. பேக்கர் வேட்டையாடிய அதே இலங்கையில், 1848க்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். அரசே அதற்குச் சன்மானமும் வழங்கியது. இத்தகைய கணக்கிற்கு எத்தனை தோள்களின் வலியும் ஈடாகாது.

வாளும் வாரும்

மெய்யாகவே விலை கொடுத்தவர்களைப் பேக்கரே நமக்கு அறிமுகம் செய்கிறார். செத்தீத் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹம்ரான் அரபுகள் யானையை வாளால் வேட்டையாடினர். ஒருவர் குதிரையில் யானையின் முகத்திற்கு நேராகச் சென்று அதனைத் தம்மைத் துரத்தச் செய்வார். பின்னே வருபவர்களில் ஒருவர் பாயும் குதிரையிலிருந்து குதித்து, இரு கைகளாலும் வாளைப் பற்றி, பின்னங்காலின் நரம்பை ஒரே வீச்சில் அறுப்பார். தாஹிர் ஷரீஃப் என்பவர் அவர்களின் தலைவர். அவருடைய சகோதரர் ரோதர் ஷரீஃபின் இடக்கையை முன்பொருநாள் யானையின் தந்தம் பிளந்து சூம்பச் செய்திருந்தது. அக்கையுடனேயே அவர் யானையின் முகத்திற்கு முன் குதிரை செலுத்தினார். இவர்களைக் கண்ட பேக்கர், துப்பாக்கி ஏந்திய தம் வீரத்தைவிட இவர்களின் வீரமே உயர்ந்தது என்பதை மனமுவந்து ஒப்பினார்.

நமக்கு இன்னும் அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் சோனகர் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்கள் யானையைக் கொல்லாமலே பிடித்தனர். கையில் தோல் வார்க்கயிறு மட்டும் ஏந்தி, ஓசையின்றி அணுகி, பின்னங்காலில் சுருக்கிட்டு, கயிற்றை மரத்தில் பிணைப்பது அவர்கள் முறை. பிடிபட்ட யானைகள் தென்னிந்திய அரசர்களுக்கு விற்கப்பட்டன. டெனன்ட் இவர்களின் திறமையை வியந்து எழுதியுள்ளார். பெருங்குழல் துப்பாக்கி ஒன்றுமின்றியே யானையின் அருகில் சென்று மீண்டவர் நம்மவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

புகையற்ற மருந்தும் அரசியலும்

1889இல் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1898இல் ஜான் ரிக்பி அதனைப் பயன்படுத்தி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டார். குண்டு சிறுத்தது, வேகம் மிகுந்தது, ஈயத்தின் மேல் உலோக உறை ஏறியதால் துளைக்கும் ஆற்றல் பெருகிற்று. 4 போர், 8 போர் துப்பாக்கிகள் படிப்படியாக மறைந்தன. எனினும் உதை மறையவில்லை. ஜெஃப்ரி நிறுவனத்தின் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 58 கிராம் குண்டை எறிந்தது. அதற்கான இரட்டைக்குழல் ரைஃபிளின் எடை ஏறத்தாழ ஏழு கிலோ.

1907இல் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களைத் தடைசெய்தது. படையிலிருந்து வெளியேறிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் அதே விட்டமுடையவை. கிளர்ச்சியாளருக்குக் குண்டு கிடைத்துவிடலாம் என்பதே அச்சம். உடனே .465, .470, .475 என்னும் அளவுகள் சந்தையில் முன்னுக்கு வந்தன. இன்றும் பெயர்பெற்று விளங்கும் .470 அளவின் செல்வாக்கிற்குப் பின்னே, அடிமைப்பட்ட இரு நாடுகளைக் குறித்த ஆட்சியாளரின் அச்சம் இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

இதே காலத்தில் டபிள்யூ. டி. எம். பெல் என்பவர் பழைய வினாவிற்கு விடை கண்டார். கொன்ற யானைகளின் மண்டையோடுகளை அறுத்து மூளையின் இடத்தை ஆராய்ந்த அவர், ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள குண்டை எறியும் 7 மில்லிமீட்டர் ரைஃபிளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அவர் கொன்ற யானைகளின் மொத்தத் தொகை 1011 என்பர். அச்செயலை நாம் போற்றவில்லை. ஆயினும் அது உணர்த்திய உண்மை தெளிவானது: கொல்வது அடியன்று, துளையே. அடர்ந்த புதரில், பத்தடி தொலைவில், பாய்ந்துவரும் விலங்கைத் தடுக்கப் பெருங்குழல் தேவைப்படலாம். வனக்காவலர் இன்றும் அதற்காக அதனை ஏந்துகின்றனர். மற்றபடி அது தேவையால் அன்று, விருப்பத்தாலேயே நிலைத்தது.

அவ்விருப்பம் இன்னும் தணியவில்லை. யானை வேட்டை அருகிவிட்ட 1980களின் இறுதியில், ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளரின் வேண்டுகோளை ஏற்று, ஹாலண்டு நிறுவனம் .700 நைட்ரோ எக்ஸ்பிரஸை உருவாக்கியது. ஏறத்தாழ 65 கிராம் குண்டு. எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கி. இத்தகைய துப்பாக்கியை வைத்திருப்போர் பலர் சுடுவது தாள் இலக்குகளையே. தோள் கன்றிச் சிரித்துக்கொண்டே எழுகின்றனர்.

இதனை நகைத்து ஒதுக்க நாம் விரும்பவில்லை. இதில் ஒரு சான்று இருக்கிறது. அந்த இன்பம் தோளில்தான் இருந்தது, யானையில் இல்லை என்பதைத் தாள் இலக்கு மெய்ப்பிக்கிறது. உயிருள்ள எதனையும் எய்து பழகும் இலக்காக்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; அம்பெய்யும் பயிற்சியையோ ஊக்குவித்தார்கள். கருவியை ஆளும் மகிழ்ச்சி ஒன்று, உயிரைப் பறிக்கும் உரிமை வேறொன்று என இரண்டையும் பிரித்து வைத்தது அந்த வழிகாட்டல். 19ஆம் நூற்றாண்டு இவ்விரண்டையும் ஒரே குழலில் இட்டு நிரப்பியது. அதன் விலையைச் செலூஸின் நரம்புகள் சிறிதளவே செலுத்தின. மீதி முழுவதையும் செலுத்தியவை இலங்கையின் காடுகளும் ஆப்பிரிக்காவின் சமவெளிகளுமே.