தாழ்ந்த கார், உயர்ந்த சில்லு: இம்பாலாவின் இரண்டு வரலாறுகள்

போன மாதம் விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு மயாமி ராப் பாட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டை விட அதில் வந்த கார்தான் கண்ணில் நின்றது. 1970களின் பழைய செவ்ரோலே, மிட்டாய்ச் சிவப்பு நிறம். சில்லைப் பார்த்தால் கதவின் அரைவாசி உயரத்துக்கு நிற்கிறது. "மாட்டு வண்டில் சில்லைக் கழட்டிப் பூட்டிட்டாங்கள் போல" எண்டு ஒருத்தன் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிச்சு முடிய ஒரு கேள்வி மிஞ்சியது. ஒரு ஆள் மாதக்கணக்காகக் காசு சேர்த்து, கராஜில் நாட்கணக்காக நின்று, காரின் ஓட்டத்தையே கொஞ்சம் கெடுத்துக்கொண்டு, இப்படி ஒரு சில்லைப் பூட்டுறார் என்றால் அதுக்கு ஏதோ காரணம் இருக்கத்தானே வேணும்? அந்தக் காரணத்தைத் தேடிப் போய் வாசித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் கார்க்காரர் இல்லை, கலைப்பீட ஆக்கள். அதனால் எங்கட பார்வை கராஜை விட வரலாற்றுப் பக்கமே கூடப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் தாழ்ந்த கார்

செவ்ரோலே நிறுவனம் இம்பாலாவை 1958 மொடலாக வெளியிட்டது. நீளமான, அகலமான, சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய கார். 1965இல் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. இப்படி விற்ற கார் சில வருடத்தில் இரண்டாம் கைச் சந்தைக்கு வரும், விலை குறையும், காசில்லாத இளசுகளின் கைக்குப் போகும். எங்கட கதை தொடங்குவது அந்த இரண்டாம் கையில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லொஸ் ஏஞ்சலிசின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் தங்கட பழைய கார்களைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். பின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தார்கள், ஸ்பிரிங்கை வெட்டினார்கள். வெள்ளை இளைஞர்கள் காரை வேகமாக்கப் போட்டியிட்ட அதே காலத்தில், இவர்கள் மெதுவாக, நிலத்தை ஒட்டினபடி, பிரதான வீதியால் ஊர்வலம் மாதிரிப் போனார்கள். 'லோரைடர்' என்று அதற்குப் பெயர்.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1950களின் கடைசியில் கலிபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு வந்தது. காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடி விளிம்பை விடத் தாழ இருக்கக்கூடாது என்றது அது. 1959இல் ரொன் அகிரே என்பவர் அதற்கு ஒரு மறுமொழி கண்டுபிடித்தார். விமான உதிரிப்பாகங்களிலிருந்து எடுத்த ஹைட்ரோலிக் பம்பைக் காரில் பூட்டினார். ஒரு சுவிட்சைத் தட்டினால் கார் எழும்பும், இன்னொரு தட்டில் இறங்கும். பொலிஸ் வந்தால் சட்டப்படியான உயரம், போன பிறகு பழையபடி தரை. இன்றைக்கு லோரைடர் கார்கள் துள்ளி ஆடுவதை எல்லாரும் வேடிக்கையாகப் பார்க்கிறோம். அந்த ஆட்டத்தின் வேர் சட்டத்தை ஏமாற்றிய ஒரு சுவிட்ச்.

இந்தக் கார்களில் பூட்டுவது சின்னச் சில்லு, பெரும்பாலும் 13 அங்குலக் கம்பிச் சில்லு. கார் எவ்வளவு தாழுதோ அவ்வளவு அழகு.

பிறகு உயர்ந்த கார்

இப்ப நாட்டின் மறு கரைக்கு, மயாமிக்கு வருவம். அங்கே அதே இம்பாலா நேரெதிராக மேலே எழும்பியது. 1971 முதல் 1976 வரை வந்த இம்பாலா, கப்ரீஸ் மொடல்களுக்குத் தெற்கு புளோரிடாவின் கறுப்பு இளைஞர்கள் 'டொங்க்' என்று பெயர் வைத்தார்கள். காரின் சின்னத்தில் பாய்கிற இம்பாலா மானைக் 'கழுதை' என்று கேலியாகக் கூப்பிட, அந்தச் சொல் சுருங்கி டொங்க் ஆனது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1977 முதல் 1990 வரை வந்த சதுர வடிவக் கப்ரீஸ் 'பொக்ஸ்', 1991 முதல் 1996 வரையான உருண்டை வடிவம் 'பபிள்'. மூன்றுக்கும் பெரிய சில்லுதான் அடையாளம்.

ஏன் அந்தக் கார்? 1971 இம்பாலா கிட்டத்தட்ட ஐந்தரை மீற்றர் நீளம். 7.4 லீற்றர் எஞ்சின் வரைக்கும் கிடைத்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் இப்படிப் பெற்றோல் குடிக்கிற கார்களின் மவுசு இறங்கிவிட்டது. 1977இல் செவ்ரோலேயே காரைச் சின்னதாக்கியது. பழையவை மலிவாகின. அப்பப்பா காலத்துக் கார், ஆனால் உள்ளே சோபா மாதிரி ஆசனம். அதோடு இந்தக் கார்களில் அடிச்சட்டகமும் மேல் உடலும் தனித்தனி, சில்லுக்கு மேலே உள்ள வளைவும் பெரிசு. உயர்த்த நினைக்கிறவனுக்கு வசதி.

ஏன் அந்த ஊர்? இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் பின்னால போக வேண்டியிருக்கு.

இனப் பிரிவினைக் காலத்தில் கறுப்பு அமெரிக்கர்களுக்குக் கார் என்றால் பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருக்கத் தேவையில்லை என்ற அர்த்தம். ஆனால் வீதியும் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெற்றோல் அடிக்கலாம் என்று சொல்ல ஒரு கையேடே தேவைப்பட்டது. தபால்காரராக இருந்த விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' 1960களின் நடுப்பகுதி வரை வந்தது. ஒரு நாட்டுப் பிரஜை தன் நாட்டிலேயே காரோட வழிகாட்டி நூல் தேவைப்பட்ட காலம் அது.

மயாமியில் ஓவர்டவுன் என்ற கறுப்புப் பகுதி இருந்தது. கடைகள், ஹோட்டல்கள், இசை மண்டபங்கள் நிறைந்த இடம். 'தெற்கின் ஹார்லெம்' என்று பெயரெடுத்தது. 1960களில் ஐ-95 நெடுஞ்சாலையை அதன் நடுவால் கட்டினார்கள். பல்லாயிரம் பேர் வீட்டை இழந்தார்கள். பலர் வடக்கே லிபர்ட்டி சிட்டிப் பக்கம் போனார்கள். மற்றவர்களின் கார்கள் வேகமாகப் போவதற்காக ஒரு ஊரே உடைந்தது.

1979 டிசம்பரில் ஆர்தர் மக்டஃபி என்ற 33 வயதுக் கறுப்பு மனிதர், முன்னாள் மரைன் படைச் சிப்பாய், காப்புறுதி முகவர், மோட்டார் சைக்கிளில் போகும்போது பொலிஸ் துரத்தியது. பிடித்ததும் அடித்தார்கள். சில நாளில் இறந்தார். விபத்து நடந்த மாதிரிக் காட்ட மோட்டார் சைக்கிளையும் உடைத்து வைத்தார்கள். 1980 மே மாதம், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி பொலிசாரை விடுவித்தது. அதன் பின் லிபர்ட்டி சிட்டியில் தொடங்கிய கலவரத்தில் 18 பேர் செத்தார்கள்.

மக்டஃபி கொல்லப்பட்டதால்தான் டொங்க் பிறந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வரலாறு அப்படி நேர்கோட்டில் ஓடுவதில்லை. ஆனால் அடுத்து வந்த வருடங்களில் கார்கள் உயர்ந்தது இதே தெருக்களில்தான். 1996இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: சின்னப் போக்குவரத்துத் தவறு ஒன்று இருந்தால் போதும், பொலிசின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் காரை நிறுத்தலாம். வ்ரென் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அதாவது கறுப்பு இளைஞன் வீதியில் எவ்வளவு கண்ணில் படாமல் போகிறானோ அவ்வளவு நல்லது என்ற நிலைமை. அந்த நிலைமையில் ஒருத்தன் மிட்டாய்ச் சிவப்பு அடித்து, 26 அங்குலச் சில்லைப் பூட்டி, எல்லாருக்கும் மேலே இருந்துகொண்டு மெதுவாகப் போறான். கண்ணில் படுவதையே தேர்ந்தெடுக்கிறான்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1980களிலும் 90களிலும் அமெரிக்கப் பொலிசின் முக்கியமான கார்களில் ஒன்று அதே கப்ரீஸ்தான். துரத்துகிற காரும் ஊர்வலம் போகிற காரும் ஒரே தொழிற்சாலைப் பிள்ளைகள்.

சில்லு எப்படி உள்ளே போகுது?

இவ்வளவு பெரிய சில்லு எப்படிக் காருக்குள் கொள்ளும் என்பது எங்களுக்கும் விளங்காமல் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

1970களின் இம்பாலாவில் கம்பனி போட்டது 15 அங்குல ரிம். தடித்த டயரோடு சேர்த்துச் சில்லின் மொத்த உயரம் சுமார் 28 அங்குலம். இப்ப 26 அங்குல ரிம்முக்கு 275/25 என்ற அளவு டயர் போடுறம் என்று வைப்பம். 275 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 25 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்று. ஆகவே பக்கச்சுவர் 69 மில்லிமீற்றர்தான். மேலேயும் கீழேயும் அதைக் கூட்டினால் மொத்த உயரம் ஏறத்தாழ 31 அங்குலம் சொச்சம். ரிம் 11 அங்குலம் கூடியும் முழுச் சில்லு மூன்று அங்குலம் சொச்சம்தான் வளர்ந்திருக்கிறது. இறப்பர் மெலிந்து உலோகம் விரிந்ததுதான் சூட்சுமம்.

இந்த மெலிந்த டயர் ஓட்டப் போட்டிகளுக்காக வளர்ந்த தொழில்நுட்பம். 1946இல் மிஷெலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. 1970களில் பிரெல்லியின் பி7 மாதிரியான தாழ்ந்த பக்கச்சுவர் டயர்கள் வந்தன. வளைவில் கார் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். மயாமிக்காரர் அதை எடுத்து, வளைவே இல்லாத நேர் வீதியில் பத்து மைல் வேகத்தில் போகப் பாவித்தார்கள்!

இதற்கு விலையும் இருக்கு. சில்லின் உயரம் 12 வீதம் கூடினால் வேகமானியும் பொய் சொல்லும். முள் 100 காட்டும்போது கார் உண்மையில் 112இல் போகும். பாரமான ரிம்மைச் சுழற்ற எஞ்சின் கஷ்டப்படும், அதனால் பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றுவார்கள். நிறுத்தவும் கஷ்டம், பெரிய பிரேக் வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உள் தகட்டில் உரசும், தகட்டை வெட்ட வேண்டும், இல்லாட்டி காரை உயர்த்த வேண்டும். குழியில் விழுந்தால் காப்பாற்ற இறப்பர் இல்லை, ரிம் நேராக அடி வாங்கும். பிரேக்கைக் கவனிக்காமல் சில்லை மட்டும் மாற்றினவர்களின் கார் உண்மையாகவே ஆபத்தானது. அதை மறைத்து எழுத முடியாது.

யார் சிரிக்கிறார்கள்?

2000களில் சில்லு பெரிய வியாபாரமானது. 20 அங்குலத்துக்கு 'டப்' என்று பெயர் வந்தது, அந்தப் பெயரிலேயே சஞ்சிகை வந்தது. கார் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் 'ஸ்பின்னர்' ரிம்கள் கூடைப்பந்து வீரர் லற்ரெல் ஸ்பிரூவெல் பெயரோடு பிரபலமாகின. 2004இல் எம்டிவியில் 'பிம்ப் மை ரைட்' தொடங்கியது. 22, 24, 26 என்று ஏறி 30 அங்குலத்தையும் தாண்டினார்கள். தென் கரோலினாவின் சேஜ் தோமஸ் மாதிரியானவர்கள் டொங்க் கார்களை ஓட்டப் போட்டிக்கே கொண்டுபோனார்கள்.

கூடவே கேலியும் வந்தது. 'போதைப்பொருள் விற்கிறவனின் கார்', 'வாடகை வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு விலைக்கு ரிம்மா?' என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி வரலாற்றிலேயே இருக்கு. 1930களிலிருந்து அரசாங்கமே கறுப்புப் பகுதிகளை வீட்டுக்கடனுக்கு ஆகாத இடம் என்று வரைபடத்தில் சிவப்பால் குறித்தது. வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. வீடு வாங்கக் கடன் மறுத்தவர்களே 'ஏன் வீடு வாங்காமல் காரில் காசு போடுறாய்' என்றும் கேட்கிறார்கள்.

ஆனால் கதையை இதோடு நிறுத்தினால் நாங்களும் ஒரு பக்கம் மட்டும் சொன்னவர்களாவோம். கறுப்பு மக்களின் கார்ப் பண்பாடு பற்றி எழுதிய போல் கில்ரோய், பொருள் வாங்குவது விடுதலைக்கு மாற்றாகிவிடுகிற ஆபத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அது உண்மையான பயம். அமெரிக்காவில் வாரக் கட்டணத்துக்குச் சில்லு வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. கடைசியில் கூட்டிப் பார்த்தால் சில்லின் விலையை விட எவ்வளவோ கூடக் கட்டியிருப்பார்கள். ஒரு கிழமை தவறினால் சில்லு திரும்பிப் போய்விடும். பெருமை உழைப்பாளியுடையது, இலாபம் கடைக்காரனுடையது. இரண்டும் ஒரே சில்லில்தான் சுழலுது.

காலம் போகப் போகச் சிரித்தவர்களும் மாறினார்கள். 2017இல் 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 இம்பாலா லோரைடர் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. கலிபோர்னியாவின் 24008 பிரிவை நீக்கும் சட்டத்தில் 2023 ஒக்டோபரில் கையெழுத்தாகி, 2024 ஜனவரி முதல் தாழ்ந்த கார் அங்கே குற்றமில்லை. செவ்ரோலே தன் கடைசித் தலைமுறை இம்பாலாவை 20 அங்குல ரிம்மோடும் விற்றது. மயாமித் தெருவில் 'கண்றாவி' என்றிருந்த அளவு, காட்சியறையில் கூடுதல் காசுக்கு 'சொகுசு' ஆனது. 2020 பெப்ரவரியில் இம்பாலா உற்பத்தியே நின்றுவிட்டது.

டொங்க் கார்களுக்கு இன்னும் அப்படி ஒரு பதிவேடோ, மன்னிப்போ வரவில்லை. அவை இப்பவும் வீடியோக்களில்தான் ஓடுகின்றன.

இதை எழுதி முடித்த பிறகு அதே வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். மாட்டு வண்டில் பகிடி அடிச்சவன், காரை விட்டுட்டு அதை ஓட்டுறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆள் நல்லா நிமிர்ந்துதான் இருக்கிறார் என்ன" எண்டான். அந்தச் சில்லைப் பூட்டுறது நல்லதோ கூடாததோ என்று எங்களுக்குள் இன்னும் வாதம் முடியவில்லை. பிரேக்கை மாத்தாமல் பூட்டக்கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே முடிவு.